சூசை மாமாவின் லொறியை நான் திருத்தியபோது

மாமனார் வீட்டுக்குப் போகும் மருமகன் சும்மா இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. போட்டதைச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதைப் பாராட்ட வேண்டும். மத்தியானம் கொஞ்சம் தூங்கி எழுந்து, தேத்தண்ணீர் குடித்து, "இந்தப் பக்கம் குளிர் கொஞ்சம் கூடத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இதற்கு மேல் எந்த மாமனாரும் எதிர்பார்ப்பதில்லை. இந்த உண்மை எனக்கு முப்பத்தைந்து வயதில் தெரியாது. இப்போது நன்றாகத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நான் கண்டியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். நான் கையில் பிடித்த மிகப் பயங்கரமான கருவி ஸ்டேப்ளர். (அதிலும் இரண்டு தடவை என் விரலையே தைத்திருக்கிறேன்.) என் மனைவி ரீட்டாவின் அப்பா சூசை மாமா லொறிக்காரர். ஹேவாஹெட்டயிலிருந்து லீக்ஸ், கரட், கோவா என்று மரக்கறியை மூட்டை மூட்டையாகக் கண்டிச் சந்தைக்கு இறக்குவார். அவருடைய லொறி ரீட்டாவை விட இரண்டு வயது மூத்தது. வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் மூத்த பிள்ளைக்குரிய மரியாதை அதற்குத்தான்.

அந்த லொறிக்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வரத் தொடங்கியிருந்தது. முதலில் காதோரம் கொசு பறப்பது போல. ஆறு மாதத்தில் பக்கத்து வீட்டில் மிளகாய் அரைப்பது போல. ஒரு வருடத்தில், லொறி மேட்டில் ஏறினால் கீழே லயத்து வரிசை வீடுகளில் தொட்டில் பிள்ளைகள் எழுந்து அழுதன. சத்தத்தின் ஊற்று டிஃப்ரன்ஷல். பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரிப் புடைத்துக்கொண்டிருக்குமே, அதுதான். எஞ்சினின் சுழற்சி ஒரு நீளத் தண்டின் வழியாக அங்கே வந்து, உள்ளே இருக்கும் பற்சக்கரங்களில் திரும்பி, இரண்டு பின் சில்லுகளுக்கும் போகும். உள்ளே பெயாரிங் தேய்ந்தால் அது ஊளையிடும்.

சந்தைக்கு லீக்ஸ் கொண்டுபோகும் லொறி ஊளையிட்டால் லீக்ஸ் ஒன்றும் சொல்லாது. ஆனால் தோட்டத்துக் கோயில் திருநாளில் அந்தோனியாரின் சுரூபத்தை ஏற்றிச் சுற்றுப்பிரகாரம் போவதும் அதே லொறிதான். பதினெட்டு வருடமாக மாமாதான் ஓட்டுகிறார். அது அவருக்குப் பதவி மாதிரி. முதல் நாளே லொறியைக் கழுவி, சில்லுக்குக் கூடச் சவர்க்காரம் போடுவார். போன வருடத் திருநாளில் ஆரோக்கியம் அக்கா செபமாலை சொல்ல, லொறி கூடவே ஊளையிட, "அருள் நிறைந்த" என்பதற்குப் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆரோக்கியம் அக்கா தோட்டப் பிள்ளை மடுவத்தின் பொறுப்பாளர். நாற்பது குழந்தைகளை ஒரே அதட்டலில் தூங்க வைக்கிற குரல் அவருக்கு. அந்தக் குரலையே லொறி தின்றுவிட்டது.

திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது நாங்கள் அங்கே போயிருந்தோம். அன்று மாலை ஆரோக்கியம் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கோயில் கமிட்டியில பேசிக்கிறாங்க. இந்த வருஷமும் அந்தச் சத்தம் வந்துச்சுன்னா, அடுத்த வருஷம் மேல் டிவிஷன்ல ஒரு தம்பி வாங்கியிருக்க புது லொறியக் கேக்கலாமுன்னு."

மாமா எப்போதுமே அதிகம் பேசாத மனிதர். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். டவுனில் கராஜ்காரர் திருநாள் முடிந்த பிறகுதான் பார்க்க முடியும் என்று ஏற்கனவே சொல்லியிருந்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"மாமா, அத நான் செஞ்சு தர்றேன்."

அத்தை ரொட்டி சுடுவதை நிறுத்தினார். ரீட்டா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பல்ப் மாற்ற நான் கதிரையில் ஏறினாலே கதிரையைப் பிடித்துக்கொள்ள ஓடி வருகிறவள் அவள்.

"என்னாத்த செய்யப் போறீங்க?" என்றாள்.

"டிஃப்ரன்ஷல்."

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கைபேசியிலிருந்து வந்தது. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டு முற்றத்தில் ஒரு பழைய லொறியின் டிஃப்ரன்ஷலைக் கழற்றி, பெயாரிங் மாற்றி, திரும்பப் பூட்டுகிற வீடியோவை நான் மூன்று தடவை பார்த்திருந்தேன். மொத்தமே இருபத்திரண்டு நிமிடம். பின்னணியில் இசையும் உண்டு. அவர் இருபத்திரண்டு நிமிடத்தில் செய்வதை நான் மூன்று நாளில் செய்ய மாட்டேனா? கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. கல்யாணமாகி எட்டு வருடத்தில் மாமா என்னிடம் ஒரு வேலையும் சொன்னதில்லை. ஒரு மூட்டையைப் பிடிக்கக் கூடச் சொன்னதில்லை. "இருங்க மாப்ள, ஒங்களுக்கு ஏன் கஷ்டம்" என்று சொல்லி, என்னை விட முப்பது வயது மூத்தவர் தானே தூக்கிப் போவார். அது மரியாதைதான். ஆனால் அந்த மரியாதை வருடத்துக்கு வருடம் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மாமா திரும்பி வந்து, துவாயில் கை துடைத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு, "சரி மாப்ள" என்றார். இரண்டே வார்த்தை. எனக்கு அலுவலகத்தில் நியமனக் கடிதம் கொடுத்தபோது கூட அவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

மறுநாள் பெயாரிங் வாங்கத் திகனவுக்குப் போனேன். அங்கே நஸீர் நானா பழைய லொறிச் சாமான் கடை வைத்திருந்தார். மாமாவின் பெயரைச் சொன்னதுமே லொறியை அறிந்துகொண்டார். பெயாரிங்குகளை எண்ணெய்த் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"யாரு பூட்டுறது?"

"நான்தான் நானா."

என் சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாக்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை. நல்ல மனிதர்.

"தம்பி, ஒண்டு சொல்றேன், கேளுங்கொ. இந்த லொறிக்கு அந்த உருண்டயச் சுத்தி ஈக்கிற போல்ட்டெல்லாம் ஒரே அளவு, ஒரே எடவெளி. எப்பிடி வெச்சாலும் பூட்டுப்படும். கழட்ட முந்தி சோக்கால ஒரு கோடு கீறிக்கொங்கொ. மேல் எது, கீழ் எதுண்டு."

"தேவல்ல நானா. நான் போன்ல போட்டோ எடுத்துக்குவேன்."

"கோடு நல்லம்" என்றார் நானா. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் நான் கடைப் படி இறங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

வெள்ளிக்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. காலையில் முற்றத்தில் லொறியின் பின்பக்கத்தை ஜாக் போட்டுத் தூக்கி, கட்டை வைத்து, கீழே சாக்கு விரித்துப் படுத்தேன். கழற்றுகிற வேலை என்னைப் போன்றவர்களுக்கென்றே படைக்கப்பட்டது. யோசிக்கத் தேவையில்லை. எதிரில் தெரிவதைக் கழற்றிக்கொண்டே போக வேண்டியதுதான். ஒயிலை வடிக்கும் போல்ட்டைக் கழற்றும்போது ஏனத்தை எங்கே வைப்பது என்று மட்டும் யோசித்திருக்கலாம். அந்தக் கறுப்பு ஒயில் என் வலது காதுக்குள் போனது. அதன் வாசம் இன்றைக்கும் மழை நாட்களில் வருகிறது. (ரீட்டா அது பிரமை என்கிறாள். அவள் காதா, என் காதா?)

போட்டோவும் எடுத்தேன். நிறைய எடுத்தேன். ஒவ்வொன்றையும் அலுவலக நண்பர்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். பிறகு பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாவற்றிலும் நடுவில் என் முகம் இருந்தது. கையில் ஸ்பேனர், முகத்தில் ஒயில், உதட்டில் சிரிப்பு. எது மேல், எது கீழ் என்று காட்ட வேண்டிய இடத்தை என் தலை மறைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை புதுப் பெயாரிங் போட்டேன். அதைத் தண்டில் இறக்க வேண்டுமென்றால் சூடாக்க வேண்டும். சூட்டில் விரிந்து, வழுக்கிக்கொண்டு உட்காரும். எண்ணெயில் போட்டுச் சூடாக்குவது நல்லது என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். அத்தை மாதா படத்துக்குப் பூ வைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, வடை சுடுகிற தாச்சியில் எண்ணெய் ஊற்றிப் பெயாரிங்கைப் போட்டேன். அத்தை திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்றார். தாச்சிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெந்துருச்சா மாப்ள?" என்று அமைதியாகக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம், அத்தை."

திருநாளுக்கு அந்த வருடம் வடை சுடப் பக்கத்து வீட்டுத் தாச்சி வந்தது.

அடுத்து, பற்சக்கரங்கள் இரண்டும் சரியாகக் கடித்துக்கொள்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல்லில் ஒரு வர்ணம் பூசிச் சுற்றினால், எந்த இடத்தில் படுகிறது என்று அடையாளம் விழும். வர்ணத்துக்கு எங்கே போவது? ரீட்டாவின் கைப்பையில் லிப்ஸ்டிக் இருந்தது. பெண்கள் லிப்ஸ்டிக் பல்லில் பட்டுவிடக் கூடாது என்று கவனமாகப் பூசுவார்கள். நான் பல்லில் படுவதற்காகவே பூசினேன். நாற்பத்தொரு பல். லிப்ஸ்டிக் முடிந்துவிட்டது. ஆனால் அடையாளம் வீடியோவில் பார்த்தது போலவே பல்லின் நடுவில் அழகாக விழுந்தது. மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் அந்த இடத்துக்குக் கொண்டுவர எனக்கு அன்று இருட்டும் வரை பிடித்தது. இப்போதும் சொல்வேன், அந்த வேலையில் பிழையே இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பெருமைப்பட எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை. பூசை முடிந்து வந்ததும் அந்த உருண்டையைத் திரும்பப் பூட்டத் தொடங்கினேன். பெரிய பலாப்பழக் கனம். பலாப்பழத்துக்காவது காம்பு இருக்கிறது, பிடிக்க. முதல் நாள் இரவு அதைப் பலகையில் வைக்கும்போது ஒரு பக்கமாக வைத்தால் உருண்டது. திருப்பி வைத்தால் அசையாமல் உட்கார்ந்தது. அப்படியே விட்டிருந்தேன். காலையில் பலகையோடு ஜாக்கில் ஏற்றினோம். நான் லொறிக்குக் கீழே படுத்துப் பிடித்துக்கொள்ள, ரீட்டா வெளியே நின்று ஜாக்கை மிதித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது. ரீட்டா குனிந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்னாங்க, முந்தி இந்த மூக்கு கீழதானே இருந்துச்சு?"

மூக்கு என்று அவள் சொன்னது உருண்டையிலிருந்து முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை.

"எது?"

"இந்தா, இது. இப்ப மேல இருக்கு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "பொறு, பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது. மிதி."

மிதித்தாள். போல்ட்டுகள் எல்லாம் ஓட்டைகளில் அழகாகப் போயின. எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டை இணைக்கும்போது மட்டும் அது கொஞ்சம் மேல்நோக்கி இழுத்தது. புதுப் பெயாரிங், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன்.

ஒயில் ஊற்றி முடித்ததும் மாமாவைக் கூப்பிட்டேன். பின் சில்லுகள் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருக்க, நான் உள்ளே ஏறி எஞ்சினை ஓட விட்டு, கியர் போட்டு, கிளச்சை விட்டேன். சில்லுகள் சுழன்றன.

சத்தமே இல்லை.

இரண்டாவது கியர். மூன்றாவது. சத்தமில்லை. ஒரு வருடமாக ஊளையிட்ட பிராணி பால் குடித்த பூனை மாதிரிக் கிடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பிழை அங்கேதான். கண்ணைத் திறந்துகொண்டு கேட்டிருக்க வேண்டும். மாமாவும் எனக்குப் பக்கத்தில், கதவோரம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். சில்லு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று எங்கள் இருவரில் ஒருவரும் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. நான் இறங்கியபோது மாமா என் தோளில் கை வைத்தார். எட்டு வருடத்தில் முதல் தடவை.

"நல்லா செஞ்சிருக்கீங்க மாப்ள."

அந்த நிமிடத்தில் கதை முடிந்திருக்கலாம்.

லொறியைத் தரையில் இறக்கியதுமே கோயில் இளைஞர்கள் வாழைக்கன்று, மூங்கில், கலர்த் தாள், பல்ப் மாலை எல்லாவற்றோடும் வந்துவிட்டார்கள். கோயில் மாமா வீட்டு வாசலுக்கு நேர் கீழே. ஒரு மணித்தியாலத்தில் லொறி தேராகிவிட்டது. மாலை நான்கு மணிக்கு அந்தோனியாரைத் தோளில் சுமந்து வந்து லொறியில் ஏற்றிக் கட்டினார்கள். ஃபாதர் வந்தார். முற்றத்திலும் கீழே ரோட்டிலும் சனம். ஆரோக்கியம் அக்கா மைக்கைப் பிடித்து, லொறியைச் சந்தேகத்தோடு பார்த்தபடி நின்றார். நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் நின்றேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று. யாரும் கேட்காதபோதும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதித்தார். மாமா சிலுவை அடையாளம் போட்டு, முதலாம் கியரைப் போட்டு, மெதுவாகக் கிளச்சை விட்டார்.

லொறி சத்தமே இல்லாமல், மிக மரியாதையாக, பின்னுக்குப் போனது.

பின்னால் அத்தையின் அவரைப் பந்தல். மாமா பிரேக்கை மிதிப்பதற்குள் பந்தல் சாய்ந்து, அவரைக்கொடி முழுவதும் சுரூபத்தின் மேல் கட்டியிருந்த மூங்கில் வளைவில் வந்து மாலை மாதிரித் தொங்கியது. சனம் 'ஆ' என்றது. கியர் தவறி விழுந்திருக்கும் என்று நினைத்து மாமா எடுத்துத் திரும்பப் போட்டார். பின்னுக்கு. இரண்டாவது கியர். பின்னுக்கு. பந்தலில் மிச்சமிருந்த காலும் விழுந்தது.

மாமா எஞ்சினை நிறுத்தவில்லை. ஜன்னலால் தலையை நீட்டி என்னைத் தேடினார். கூட்டத்துக்குப் பின்னால் போய் நிற்க நான் எடுத்த முயற்சி வெள்ளைச் சட்டையால் பலிக்கவில்லை.

"மாப்ள, இங்க வாங்க."

போனேன்.

"எத்தன கியர் பின்னுக்குப் போகும்?" குரலில் கோபமே இல்லை. சந்தை விலை கேட்பது போலக் கேட்டார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. மூக்கு மேலே. ரீட்டா. நஸீர் நானாவின் சோக்குக் கோடு. உருண்டையைத் தலைகீழாகப் பூட்டினால் உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரம் மற்றப் பக்கத்துக்கு வந்துவிடும். எல்லாச் சுழற்சியும் எதிர்ப்பக்கமாகத் திரும்பும்.

"நாலும் மாமா."

"முன்னுக்கு?"

"ரிவர்ஸ்ல போட்டுப் பாருங்க."

மாமா என்னைப் பார்த்தார். ரிவர்ஸ் கியரைப் போட்டார். லொறி முன்னுக்குப் போனது. அந்த நொடியே, லொறிக்குப் பின்னால் பூட்டியிருந்த ரிவர்ஸ் மணி பாடத் தொடங்கியது. பின்னுக்கு எடுக்கும்போது ஆட்களை எச்சரிக்க, மாமாவுக்கு முந்திய சொந்தக்காரர் பூட்டி வைத்திருந்த மணி அது.

தொலைந்த பொருளைத் தேடிக் கொடுக்கிறவர் அந்தோனியார். நான் தொலைத்தது முன்பக்கத்தை. அவரைக்கொடியின் நடுவிலிருந்து அவர் என்னையே பார்ப்பது போல இருந்தது.

இனி என்ன செய்வது? உருண்டையைக் கழற்றித் திருப்ப அரை நாளாவது வேண்டும். மேல் டிவிஷன் புது லொறி அன்று தம்புள்ளைக்குப் போயிருந்தது. ஃபாதர் மாமாவைக் கேட்டார்: "சூசை, ஓட்ட ஏலுமா? பிரேக் சரியா?"

"பிரேக் சரி ஃபாதர். மெதுவாத்தான் போகும். நடக்கிற வேகம்."

"நாங்களும் நடந்துதானே வாறோம்" என்றார் ஃபாதர்.

மாமா என்னிடம் ஒரு மரக்கட்டையைக் காட்டினார். லொறி நின்றால் சில்லுக்கு வைக்கும் கட்டை. "இதத் தூக்கிக்கிட்டுப் பின்னாலேயே வாங்க மாப்ள. மேட்டுல நிப்பாட்டினா ஓடனே வைங்க."

எட்டு வருடமாக எனக்கு ஒரு மூட்டை கூடத் தராத மனிதர் தந்த முதல் சுமை அதுதான்.

சுற்றுப்பிரகாரம் புறப்பட்டது. மாமாவின் லொறி ரிவர்ஸ் கியரில் முன்னுக்குப் போனது. பின் விளக்கு எரிந்தது. மணி பாடியது. அந்த மெட்டு, தினமும் மாலையில் பேக்கரிச் சாமான் விற்க லயங்களுக்கு வரும் பாண் ஓட்டோ பாடுகிற அதே மெட்டு. முதலாவது லயத்தைத் தாண்டும்போது நான்கைந்து வீட்டிலிருந்து பெண்கள் தட்டும் பையுமாக ஓடி வந்தார்கள். வந்தவர்கள் அந்தோனியாரைக் கண்டு திகைத்து, தட்டைச் சேலைக்குள் மறைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு சின்னப் பிள்ளை மட்டும் விடவில்லை. "மாலுபாண் இருக்கா?" என்று ஃபாதரிடமே கேட்டது. ஆரோக்கியம் அக்காவின் குரல் மைக்கில் தடுமாறியது. செபமாலை சொல்லும்போது அவர் சிரித்ததை நான் கண்டது அன்று ஒரு தடவைதான்.

நான் ஓடிப்போய் மணியின் வயரைப் பிடுங்கினேன். அதன் பிறகு அமைதி. ரிவர்ஸ் கியருக்கென்றே உள்ள ஒரு மெல்லிய முனகல் மட்டும். அதற்கு மேல் ஆரோக்கியம் அக்காவின் குரல் மணி மணியாகக் கேட்டது. மேல் டிவிஷன் திருப்பத்தில் மேட்டில் நின்றபோது கட்டையை வைத்தேன். எடுத்தேன். திரும்பத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். தலைக்கு முக்காடிட்ட ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்தார்.

"என்னா நேத்தி தம்பி?"

கட்டை சுமப்பது நேர்த்திக்கடன் என்று நினைத்துவிட்டார்.

"ஒரு பொருத்தனை அம்மா" என்றேன்.

"அந்தோனியார் கேப்பாரு. ஒங்க மொகத்தப் பாத்தாலே தெரியுது, பெரிய கஷ்டமுன்னு."

வழக்கமாக முக்கால் மணித்தியாலத்தில் முடியும் சுற்று அன்று இரண்டு மணித்தியாலம் எடுத்தது. ஒரு செபமாலை முடிந்து, இரண்டாவதும் முடிந்து, பாட்டுப் புத்தகத்தில் பாதி முடிந்தது. வழக்கமாக நடுவழியில் நின்றுவிடும் கிழவர்கள் எல்லோரும் அன்றைக்குக் கடைசி வரைக்கும் கூட வந்தார்கள். கோயில் வாசலில் லொறி நின்றபோது ஆரோக்கியம் அக்கா மாமாவிடம் வந்தார். நான் கட்டையோடு அங்கேயே நின்றேன்.

"அண்ணே, அடுத்த வருஷமும் நீங்கதான். இந்த வேகத்திலேயே போனா நல்லம்." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி வரணுமுன்னு கட்டாயமில்ல."

அன்றிரவு சாப்பிடும்போது ஒருவரும் லொறியைப் பற்றிப் பேசவில்லை. நானே தொடங்கினேன்.

"மாமா, மன்னிச்சிருங்க."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். "வேல சுத்தமாத்தான் செஞ்சிருக்கீங்க மாப்ள" என்றார். "தலகீழா செஞ்சிருக்கீங்க. அவ்வளவுதான்."

முதலில் சிரித்தது அத்தை. அவர் தொடங்கியதும் ரீட்டாவால் அடக்க முடியவில்லை. மாமா சிரிக்கவே இல்லை; தோள் மட்டும் குலுங்கியது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அது எந்தத் தண்ணீர் என்று நான் ஆராயவில்லை.

திங்கட்கிழமை லீவு எடுத்தேன். விடுமுறை விண்ணப்பத்தில் காரணம் எழுதும் இடத்தில், மாமனாரின் வாகனத்தை முன்னோக்கிச் செலுத்த வேண்டியிருப்பதால் என்று எழுதினேன். மேலதிகாரி அதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அனுமதியும் கொடுத்தார். மாமாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் சாக்கில் படுத்து உருண்டையை இறக்கினோம். ரீட்டா சோக்கோடு வந்து குந்தி, ஒரு கோடு கீறி, மேலே 'மேல்' என்றும் கீழே 'கீழ்' என்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எழுதுவது போல உருண்டை உருண்டையாக எழுதினாள். (அவள் ஆசிரியை. அன்றிலிருந்து வீட்டில் 'உனக்கு விளங்காது' என்ற வசனத்தை நான் சொன்னதில்லை.) மத்தியானத்துக்குள் லொறி முன்னுக்குப் போனது. அந்த டிஃப்ரன்ஷல் இன்றைக்கும் ஒரு சத்தமுமில்லாமல் ஓடுகிறது. அதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

மற்றதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கல்யாண வீடு, செத்த வீடு, ஞானஸ்நானம் எங்கே போனாலும், புதிதாக வந்த ஒருவருக்கு என்னை அறிமுகப்படுத்தும்போது அந்தக் கதையும் சேர்ந்து வரும். அத்தை சொல்லும் கதையில் பெயாரிங் வேகும் இடம் நீளம். ரீட்டாவின் கதை லிப்ஸ்டிக்கில் தொடங்கும். மாமா கதை சொல்வதில்லை. அவர் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வார்.

போன மாதம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பதினாறு வருடம் காத்திருந்த உயர்வு. கடிதம் கையில் கிடைத்ததும் மாமாவுக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். லொறி ஓட்டிக்கொண்டிருந்தாராம், ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார்.

"மாமா, புரமோஷன் வந்திருச்சு."

மற்றப் பக்கத்தில் அவர் எஞ்சினை நிறுத்துவது கேட்டது.

"சந்தோஷம் மாப்ள," என்றார். பிறகு ஒரு செருமல். "மேலுக்குத்தானே?"

பதில் சொல்வதற்கு முன், கடிதத்தை விரித்து இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன்.